கவுன்சிலர் கணக்குச் சொல்லட்டும்

2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், மழைநீர் தேங்கிய தெருவில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகள் தண்ணீருக்குள் கிடந்த மின்கம்பியை மிதித்து இறந்தார்கள். 2022 அக்டோபரில், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் செய்தியாளர் உயிரிழந்தார். 2025 ஆகஸ்ட் 23 அன்று விடிவதற்கு முன், கண்ணகி நகரில் வேலைக்குப் புறப்பட்ட தூய்மைப் பணியாளர் ஒருவர் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தார்; மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார். மூன்றும் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நடந்தவை. மூன்றிலும் திருடன் இல்லை, ரவுடி இல்லை, கத்தி இல்லை. தெருவே ஆளைக் கொன்றது.

குடியிருப்புப் பாதுகாப்பு என்றதும் நமக்குக் காவல் துறைதான் நினைவுக்கு வருகிறது. செயின் பறிப்பு, வீடு புகுந்து திருட்டு, கஞ்சா, பைக் ரேஸ் என்று பேச்சு போகும். இவையெல்லாம் உண்மையான பயங்கள்தான். ஆனால் ஒரு தாய் தன் மகளை டியூஷன் முடிந்து தனியாக நடந்து வரச் சொல்லலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யும்போது அவள் மனத்தில் ஓடுவது இன்னும் நீளமான பட்டியல். மூலையில் விளக்கு எரிகிறதா? அந்தக் காலிமனைப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நடைபாதையில் நடக்க இடம் இருக்கிறதா, நடுரோட்டில் இறங்கித்தான் வர வேண்டுமா? நாய்கள் துரத்துமா? ஈ.பி. பெட்டியின் கதவு மூடியிருக்கிறதா? வீட்டு வாசலில் தொடங்கி பஸ் ஸ்டாப் வரைக்குமான தூரம்தான் ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்பது.

அந்தத் தூரத்துக்கு எத்தனை பேர் பொறுப்பு என்று பாருங்கள். மின்சாரம் மின்வாரியத்தின் கையில். கழிவுநீரும் குடிநீரும் மெட்ரோ வாட்டரிடம். தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சிக்கு. ரோந்து காவல் துறைக்கு. கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளில் கட்டடங்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு. 2022 ஜனவரி 1இல் சென்னைக் காவல் மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்தபோது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் தாம்பரம் ஆணையரகத்துக்குள் போயின. அப்போது அங்கே குப்பை அள்ளியது சென்னை மாநகராட்சி. புகார் வாங்கியது தாம்பரம் போலீஸ். ஓர் உயிர் போனால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

இத்தனை துறைகளுக்கு நடுவில், அந்தத் தெருவின் வாக்கை வாங்கி, அந்த வார்டின் பேரைச் சொல்லிப் பதவியில் இருக்கும் ஒரே மனிதர் வார்டு கவுன்சிலர். எனவே அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். செய்ததற்கும் செய்யாததற்கும் மட்டும் அல்லாமல், பிற துறைகளிடம் கேட்டதற்கும் கேட்காமல் விட்டதற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மக்களை வரவழைத்து, எழுத்தில். இந்தக் கட்டுரை முன்வைக்கும் கோரிக்கை இதுதான்.

கவுன்சிலரிடம் கணக்குக் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. 1688இல் தோன்றிய, இந்தியாவிலேயே மிகப் பழைய மாநகராட்சி நம்முடையது. ஆனால் 1973இல் கலைக்கப்பட்ட மாமன்றம் 1996இல்தான் திரும்ப வந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! ஒரு தலைமுறை கவுன்சிலர் என்ற ஒருவரைப் பார்க்காமலே வளர்ந்து, திருமணமாகி, பிள்ளை பெற்றுவிட்டது. மறுபடியும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 மார்ச் வரை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கொரோனாவின் முதல் இரண்டு அலைகளையும் சென்னை ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல்தான் கடந்தது. தெருவை அடைத்துத் தகரம் வைத்தபோது, உள்ளே இருப்பவருக்கு மருந்து யார் வாங்கித் தருவது என்று கேட்க ஆள் இல்லை. அக்கம்பக்கத்து இளைஞர்களும் தன்னார்வலர்களும் தூய்மைப் பணியாளர்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள். அதை இந்த நகரம் மறக்கக் கூடாது.

கவுன்சிலர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2011இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 155இல் இருந்து 200 ஆயின. 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலே ஒரு வார்டுக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். இன்றைக்கு நிச்சயம் அதைவிட அதிகம். இத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு 2023 ஜூலையில்தான் மாதம் 10 ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டது. அவருக்கென்று எழுத்தர் இல்லை, பொறியாளர் இல்லை. வார்டு மேம்பாட்டு நிதி ஒன்று உண்டு. 2022-23இல் 35 லட்சமாக இருந்தது, பிறகு படிப்படியாக ஏறியிருக்கிறது. சாலைக்கும் வடிகாலுக்கும் ஆகும் செலவைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும். சட்டமும் அவருக்கு முழு அதிகாரம் தரவில்லை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் உள்ளாட்சிக்கென்று பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் தெருவிளக்கும் பஸ் நிறுத்தமும் பொதுக் கழிப்பிடமும் அதில் இருக்கின்றன. காவல் இல்லை. இன்ஸ்பெக்டரைக் கவுன்சிலர் கேள்வி கேட்கலாம், உத்தரவிட முடியாது.

அதிகாரம் குறைவு என்பது கணக்குச் சொல்லாமல் இருப்பதற்குக் காரணமாகாது. கையில் அதிகாரம் இல்லாதவர் வெளிப்படையாக எழுதி வைக்கும் கணக்குதான் அதிகாரம் உள்ளவரை அசைக்கும். 'இந்த ஈ.பி. பெட்டி திறந்து கிடக்கிறது. மார்ச்சில் கடிதம் கொடுத்தேன், ஜூனில் மறுபடி கொடுத்தேன், இன்றுவரை மூடவில்லை' என்று ஒரு கவுன்சிலர் இருநூறு பேர் நடுவில் வாசித்து, அது பதிவேட்டில் ஏறிவிட்டால், மழைக்காலத்தில் அங்கே ஓர் உயிர் போகும்போது யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்தப் பயமே பெட்டியை மூட வைக்கும்.

அந்தக் கணக்கில் முதலில் வர வேண்டியது விளக்கு. சென்னையில் மூன்று லட்சத்தை நெருங்கும் தெருவிளக்குகள் இருக்கின்றன. விளக்கு எரியாவிட்டால் கம்பத்தின் எண்ணைச் சொல்லி 1913க்குப் புகார் செய்யலாம். புகார் முடிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்த பிறகும் இருட்டாகவே இருந்த அனுபவம் பலருக்கும் உண்டு. ஆகவே எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்ற புள்ளிவிவரம் நமக்கு வேண்டாம். எந்தக் கம்பம் எத்தனை இரவு எரியாமல் இருந்தது என்பதுதான் வேண்டும். நியூயார்க்கில் 2016இல், வறியவர்கள் வாழும் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விளக்குகளை நிறுவிப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மேடாகக் கிடந்த காலிமனைகளைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்தபோது, மிக வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்ததாக 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. நம் ஊர் அமெரிக்கா இல்லைதான். ஆனாலும் இருட்டும் கைவிடப்பட்ட மனையும் எந்த ஊரிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

விளக்கை விட்டுவிட்டு நாம் கேமராவுக்குப் போய்விட்டோம். 2017க்குப் பிறகு 'மூன்றாவது கண்' என்ற பெயரில் சென்னைக் காவல் துறை தெருத்தெருவாகக் கண்காணிப்புக் கேமராக்களை வைக்கச் செய்தது. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் பணம் போட்டார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் உலகிலேயே முதலிடம் சென்னைக்கு என்று 2020இல் ஒரு தனியார் நிறுவனம் கணக்குச் சொன்னது. பல வழக்குகளில் குற்றவாளியைப் பிடிக்க அந்தக் கேமராக்கள் உதவியிருக்கின்றன; அதை மறுக்கவில்லை. ஆனால் கேமரா பார்ப்பது நடந்து முடிந்ததை. உங்கள் வார்டில் வைத்தவற்றில் இன்று எத்தனை இயங்குகின்றன, பழுதானால் சரிசெய்வது யார், பதிவுகள் யார் கையில் இருக்கின்றன என்று கவுன்சிலரைக் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அதையே கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

டாஸ்மாக் கடை பற்றியும் கணக்கில் ஒரு பக்கம் இருக்கட்டும். மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 50 மீட்டர் தள்ளி மதுக்கடை இருந்தால் போதும் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவந்த விதி. 50 மீட்டர் என்பது ஒரு பள்ளிப் பிள்ளை ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும் தூரம். விதியை மாற்றும் அதிகாரம் கவுன்சிலருக்கு இல்லை. மாலையில் அந்தத் தெருவில் நடந்துபோகும் பெண்கள் படும் பாட்டை மாமன்றத்தில் எழுந்து சொல்லும் உரிமை இருக்கிறது.

குற்றங்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை நகரம் என்ற அளவிலேயே நின்றுவிடும். சென்னை பாதுகாப்பான பெருநகரம் என்று அதை வைத்துத் தலைப்புச் செய்தி எழுதலாம். புளியந்தோப்பில் ஒரு தெரு பாதுகாப்பானதா என்று அதில் தெரியாது. காவல் நிலைய ஆய்வாளர் கவுன்சிலரின் பக்கத்தில் உட்கார்ந்து, கடந்த மூன்று மாதத்தில் இந்த வார்டில் என்னென்ன வழக்குகள், எந்த நேரத்தில், எந்தத் தெருக்களில், எத்தனை கண்டுபிடிக்கப்பட்டன என்று சொன்னால் போதும். பாதிக்கப்பட்டவர் பெயர் வேண்டாம். சாதி, ஊர் எதுவும் வேண்டாம்.

சாதியும் ஊரும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதுகாப்புப் பேச்சு எடுத்தவுடன் விரல்கள் நீள்வது குடிசைப் பக்கமும் வடமாநிலத் தொழிலாளர் தங்கும் அறைகளின் பக்கமும்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பயந்துபோய் ஊருக்கு ரயிலேறியவர்களை இந்த மாநிலம் பார்த்தது. சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களும் இந்த வார்டின் குடியிருப்பாளர்களே; கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி உண்டு என்பது முதல் விதியாக இருக்க வேண்டும். பொதுமக்களைக் காவலோடு சேர்க்கும் முயற்சியில் நமக்கு ஏற்பட்ட காயமும் ஆறவில்லை. 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பு, 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் தாக்குதலில் தந்தையும் மகனும் இறந்த பிறகு தடைசெய்யப்பட்டது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஆட்களின் கையில் லத்தியின் நிழல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அப்போது பார்த்தோம். மக்களின் வேலை கேள்வி கேட்பது. அடிப்பதோ பிடிப்பதோ அவர்கள் வேலை இல்லை.

கண்ணகி நகருக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் பாதுகாப்பைப் பற்றி இந்த நகரம் கற்க வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் இருந்து கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவிலும் வாழ்ந்த ஏழை மக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் அது. வேலை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில். பழைய அக்கம்பக்கம் சிதறிப்போனது. பெயர் தெரியாதவர்கள் திடீரென்று எதிர்வீட்டுக்காரர்கள் ஆனார்கள். பிறகு அந்த இடத்துக்கே குற்றப் பகுதி என்று முத்திரை குத்தினோம். வேலை கேட்டுப் போகும் இளைஞர்கள் முகவரியை மறைக்க வேண்டிய நிலை வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி முடித்தவர்கள், மாலையில் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள், பெண்கள் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள் என்று யோசித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அதே கண்ணகி நகரில் பெண்பிள்ளைகள் கபடி ஆடினார்கள். அங்கிருந்து வந்த கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். வியாசர்பாடியில் 1997 முதல் ஒரு திடலை நம்பி பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் சொல்லித்தருகிறது ஓர் அமைப்பு. இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் அந்தப் பகுதியில் பிறந்தவர். பதக்கங்கள் அபூர்வமாகத்தான் வரும். தினமும் நடக்கும் விஷயம் வேறு. நூறு பிள்ளைகள் ஒரு திடலில் ஆடும்போது, வேடிக்கை பார்க்கத் தாத்தாக்கள் வருகிறார்கள், சுண்டல் விற்கும் அம்மா வருகிறார், பயிற்சியாளருக்கு ஒவ்வொரு பையனின் வீடும் தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் வராத பையனைத் தேடி ஆள் போகிறது. எந்த ரோந்து வாகனமும் இந்த வேலையைச் செய்யாது.

இப்படிப்பட்ட திடல்களை என்ன செய்தோம்? 2024 அக்டோபர் இறுதியில், மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஓர் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வசூலிக்க வழிசெய்யும் தீர்மானம் மாமன்றத்தில் நிறைவேறியது. நகரம் கொதித்தது, கட்டணம் கைவிடப்பட்டது. நல்லது. ஆனால் அன்றைக்கு மாமன்றத்தில் அமர்ந்திருந்த உறுப்பினர்களில் எத்தனை பேர் தங்கள் வார்டுக்குத் திரும்பி, அந்தத் தீர்மானத்தின் போது என்ன நிலை எடுத்தேன் என்று மக்களிடம் சொன்னார்கள்? சொல்லவேண்டிய இடம் ஒன்று இருந்திருந்தால், அந்தத் தீர்மானம் வரும் முன்பே வியாசர்பாடிப் பையன்கள் அதைக் கேட்டிருப்பார்கள்.

அந்த இடம் சட்டத்தில் இருக்கிறது. 2022 ஜூனில் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அங்கே வாக்குரிமை உள்ள எல்லாரும் கூடிப் பேசலாம். கவுன்சிலர் தலைமை ஏற்பார். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்று உங்கள் தெருவில் பத்துப் பேரை நிறுத்தி, நம் பகுதி சபை எப்போது கூடியது, நம் பகுதிப் பிரதிநிதி யார் என்று கேட்டுப் பாருங்கள். கிராமத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் தேதி குறித்து நடக்கின்றன. குறையும் சண்டையும் இருந்தாலும், கிராம சபை என்ற ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் இரண்டாயிரம் பேர் வாழும் ஊராட்சிக்குக் கிடைத்த உரிமை, 33 ஆயிரம் பேர் வாழும் வார்டுக்குக் கிடைத்தும் கிடைக்காத நிலையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் என்பது பெரிய கோரிக்கையே இல்லை.

கூட்டம் நடந்தாலும் யார் பேசுகிறார்கள் என்பது கேள்வி. மாமன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. சென்னையின் மேயரும் பெண். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற ஆர். பிரியா இந்த மாநகரின் முதல் தலித் பெண் மேயர். தெருவில் பாதுகாப்பு என்றால் என்ன என்று அனுபவத்தில் தெரிந்த பெண்கள் இத்தனை பேர் பதவியில் இருப்பது நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. அந்த நாற்காலியில் கணவரோ அண்ணனோ உட்கார்ந்துகொண்டு, 'மேடம் வீட்டில் இருக்காங்க, எங்கிட்ட சொல்லுங்க' என்றால், கூட்டத்துக்கு வந்தவர்கள் அங்கேயே மறுக்க வேண்டும். நாங்கள் வாக்களித்தவரிடம்தான் பேசுவோம் என்று சொல்ல எந்தச் சட்டப் புத்தகமும் தேவையில்லை. கூட்டத்தின் நேரமும் முக்கியம். வேலைநாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் வர முடியாது. ஓய்வுபெற்றவர்களும் கட்சிக்காரர்களும் மட்டுமே வருவார்கள். ஞாயிறு மாலை, மாநகராட்சிப் பள்ளியின் வளாகத்தில் நடத்தலாம்.

இந்த மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. அதற்குள் ஒவ்வொரு கவுன்சிலரும் தன் வார்டின் விளக்கு, வடிகால், ஈ.பி. பெட்டி, திடல், ரோந்து ஆகியவற்றின் கணக்கை எழுத்தில் வைக்க வேண்டும். மின்வாரியத்தின் உதவிப் பொறியாளரும் மெட்ரோ வாட்டர் அலுவலரும் காவல் ஆய்வாளரும் அந்தக் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும் என்று அரசு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது. வாசகர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்று இரவு உங்கள் தெருவில் எரியாத கம்பங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கவுன்சிலரிடம் போய், எங்கள் பகுதி சபை என்றைக்குக் கூடுகிறது என்று கேளுங்கள். தேதியை எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள்.